முதலில் யார் திறப்பது

கமலநாதன் இறந்துவிட்டார். கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகர மருத்துவமனை ஒன்றில். எனக்கு அறிவித்தவர் அவருடைய மகள் அபிராமி. எட்டு மணிக்குச் சற்று முன்னர் தொலைபேசி அடித்தது.

"மாமா, அப்பா போயிட்டார்."

முப்பத்தெட்டு ஆண்டு செய்தி சேகரித்த வாய் என்னைக் கேட்காமலே கேட்டது: "ஆர் சொன்னது? டொக்டரோ?"

அவள் சொன்னாள்: "நான் பக்கத்தில இருந்தனான் மாமா. கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

அதைவிட உறுதியான மூலம் கிடையாது. அந்தக் கேள்விக்காக அவளிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வார இதழின் பழைய வாசகர்களுக்குக் கமலண்ணையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'வெளியுலகம்' என்ற பத்தியை இருபத்திரண்டு ஆண்டு எழுதியவர் அவர்தான். பகலில் ஓர் அச்சகத்தில் வேலை. மேசை விளையாட்டுகளின் பலகைகளையும் சீட்டுகளையும் அச்சிட்டு வெட்டும் அச்சகம். வெட்டு இயந்திரம் அவருடைய பொறுப்பு. நிறம் பிசகியதாலும் ஓரம் கோணியதாலும் கழிக்கப்பட்ட பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருடைய வீட்டில் அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, குளியலறை வாசலில் எல்லாம் அந்தப் பலகைகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பலகையைக் கவிழ்த்து, அதன் வெறும் முதுகில் பத்தியை எழுதித் தருவார். சில வாரங்களில் பலகையையே சுமந்துகொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உலகம் முழுவதையும் எழுத இடம் கொடுத்தோம். அவர் பாதி நாள் கொரியாவையே எழுதினார். வாசகர்கள் பொறுமையாக இருக்கவில்லை. டோர்ட்மண்டில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவர் ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார்: "அண்ணை, எங்கட பிரச்சினையே முடியேல்ல. உங்களுக்கு ஏன் அவங்கட? கொரியாவில பெண் எடுத்தனீங்களோ?"

கமலண்ணை முருங்கைக்காயைத் தெரிவுசெய்துகொண்டே பதில் சொன்னார். "நாங்கள் பிரிய ஆசைப்பட்ட ஆக்கள். அவங்கள் சேர ஆசைப்படுற ஆக்கள். ரெண்டு பேரும் ஒரே வாங்கில குந்தியிருந்துதான் காத்துக்கொண்டு இருக்கிறம் தம்பி. பக்கத்தில இருக்கிறவரோட கதைக்காமல் இருக்க ஏலுமே?"

பக்கத்தில் இருந்தவர் உண்மையிலேயே ஒருவர் இருந்தார். 1996இல் வெட்டு இயந்திரம் கமலண்ணையின் மோதிர விரலை நசுக்கியது. மருத்துவமனையில் கட்டுப்போட்டவர் ஒரு தலைமைத் தாதி. தென்கொரியாவிலிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில் ஜேர்மன் மருத்துவமனைகளுக்கு வந்த தாதியரில் ஒருவர். வலியை மறக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கமலண்ணை கேட்டார்: "எந்தக் கொரியா? வடக்கா, தெற்கா?" தாதி தலை நிமிராமல் சொன்னார்: "நான் பிறந்தபோது ஒன்றுதான் இருந்தது." கட்டை இறுக்கி முடித்துவிட்டு அவர் கேட்டார்: "நீங்கள் இலங்கையா? எந்த இலங்கை? வடக்கா, தெற்கா?"

கமலண்ணை விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகச் சொல்வார். அவர்தான் திருமதி பார்க். பிறகு எங்கள் எல்லாருக்கும் பார்க் அக்கா. அவரோடு பேசுவதெல்லாம் ஜேர்மனில்தான். அவர் சொன்னவற்றை நான் தமிழில் தருகிறேன். தமிழிலும் கொரிய மொழியிலும் அம்மாவும் அப்பாவும் ஒன்றுபோல் ஒலிப்பதைப் பற்றி விருந்தாளி எவராவது தொடங்கினால், கமலண்ணையும் அவரும் ஒரே நேரத்தில் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்கள்.

பார்க் அக்காவின் குடும்பம் வடக்கில் இருந்தது. 1950இன் குளிர்காலத்தில், போர் தங்கள் ஊரை நெருங்கியபோது, தகப்பன் ஏழு வயது மகளை மட்டும் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தார். தம்பிக்கு மூன்று வயது. அவனுக்குக் காய்ச்சல். தாய் அவனோடு நின்றுகொண்டார். சில நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தச் சில நாள் இன்னும் முடியவில்லை. தம்பி உயிரோடு இருந்தால் எழுபத்தெட்டு வயது. அவருக்கு அவனைப் பற்றித் தெரிந்த கடைசிச் செய்தி, அவனுக்கு நெற்றி சுட்டது என்பது.

கமலண்ணைக்கும் ஒரு தம்பி. பெயர் ரவி. 2009இல், போரின் கடைசி வாரங்களில் காணாமற்போனார். கடைசியாகக் கண்டோம் என்று சொன்னவர்கள் மூவர். மூவரும் மூன்று இடங்களையும் மூன்று நாட்களையும் சொன்னார்கள். மூவரையும் நானே தேடிப் பேசினேன். நாளையும் நேரத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த வசனத்தை நான் எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். கமலண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய கொரியப் பித்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. 1985இல் அவர் ஜேர்மனிக்கு வந்த வழி, அந்தக் காலத்தில் வந்த நம்மவர் பலருடைய வழிதான். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, இடைவழி விசாவோடு நகர ரயிலில் ஏறி, மேற்கில் இறங்கினார். "அந்த ஊர்ச் சனம் சுடுபட்டுச் செத்த இடத்தை நான் சூட்கேசை மடியில வைச்சுக்கொண்டு, யன்னலால பாத்துக்கொண்டு கடந்தனான்" என்பார். அதில் அவருக்குப் பெருமை இருக்கவில்லை. ஒரு மதில் சிலருக்கு மதிலாகவும் சிலருக்கு ரயில் பாதையாகவும் இருக்க முடியும் என்பது அவரைக் கடைசிவரை உறுத்தியது.

பெர்லின் மதில் விழுந்த 1989 நவம்பரில் நாங்கள் இருவரும் டோர்ட்மண்டில் ஒரே அகதி விடுதியில் இருந்தோம். எங்களோடு அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஜேர்மன் காவலாளி, தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு, பக்கத்தில் நின்ற கமலண்ணையைக் கட்டிப்பிடித்தான். கமலண்ணை அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். முடிவு ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: "முதல் நாள் பின்னேரம் வரைக்கும் அது விழும் எண்டு ஒருத்தரும் எழுதேல்ல. நிருபர், நீங்களும் எழுதேல்ல."

ஆனால் ஜேர்மனியை வைத்துக் கொரியாவைக் கணிக்கும் சோம்பேறித்தனத்தை அவர் அனுமதிக்கவில்லை. தன் பத்தியில் வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். இங்கே பிரிந்திருந்த காலத்திலும் கடிதம் போய்வந்தது. ஓய்வூதியம் பெற்றவர்கள் எல்லை கடந்து உறவினரைப் பார்த்தார்கள். கிழக்கில் இருந்தவர்கள் மேற்கின் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றோடொன்று போர் செய்ததில்லை. கொரியாவில் கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. போர் நிறுத்தப்பட்டதே தவிர முடிக்கப்படவில்லை. வடக்கிடம் இப்போது அணுவாயுதம் இருக்கிறது. தெற்கின் இளையவர்கள் பலருக்கு வடக்கு என்பது செய்தியில் வரும் வேறொரு நாடு. பேச்சுவார்த்தை எப்போது நடந்தாலும் அது நிற்கும் இடம் ஒன்றே என்று எழுதினார். ஆயுதத்தை முதலில் கைவிடு, தடையை நீக்குகிறோம் என்பது ஒரு பக்கம். தடையை முதலில் நீக்கு, பிறகு ஆயுதத்தைப் பார்க்கலாம் என்பது மறுபக்கம். யார் முதலில் என்ற கேள்வியைத் தாண்டி எந்த மேசையும் நகர்ந்ததில்லை.

"அப்ப உங்களுக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்பிக்கை இல்ல நிருபர். பழக்கம்."

அந்தப் பழக்கத்திலிருந்துதான் கொரிய மேசை பிறந்தது. 2016 வாக்கில், கழிக்கப்பட்ட ஒரு பலகையின் முதுகில் கொரியத் தீபகற்பத்தை வரைந்து, தானே ஒரு விளையாட்டை உருவாக்கினார். வியூக விளையாட்டுகள் அவருக்கு வேலையும் பொழுதுபோக்கும். எஸ்ஸன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டுக் கண்காட்சிக்குச் சம்பளமில்லா லீவு எடுத்துப் போவார். ஆனால் பெரும்பாலான வியூக விளையாட்டுகளில் அவருக்கு ஒரு மனக்குறை. கணினியில் பேரரசுகளைக் கட்டும் ஒரு விளையாட்டை அபிராமி அவருக்குக் காட்டினாள். தேவையான மாகாணங்களைச் சேர்த்ததும் திரையில் ஒரு பொத்தான் ஒளிர்ந்தது. அதை அழுத்தினால் நாடு ஒன்றாகிவிடும்.

"இதில ஒரு மனுசர் கூட இல்லையே பிள்ளை" என்றார். "பொத்தானை அமத்தின உடன ஆர் ஆரைக் கட்டிப்பிடிக்கிறது?"

வேடமேற்று ஆடும் விளையாட்டுகளைத்தான் அவர் மதித்தார். அங்கே நீங்கள் இன்னொருவராக உட்கார்ந்து, அவருடைய வாயால் பேச வேண்டும். மந்திரவாதியாகவோ கொள்ளைக்காரனாகவோ இருக்கலாம், பரவாயில்லை. "மூண்டு மணித்தியாலம் வேற ஆளா இருந்தா, நாலாவது மணித்தியாலம் உன்னில கொஞ்சம் பிழை தெரியும்" என்பார். எனவே தன் கொரிய விளையாட்டில் இரண்டையும் கலந்தார்.

விதி எளிது. ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரு மட்டைத் துண்டில் ஒரு சொல் எழுத வேண்டும். 'திற' அல்லது 'பொறு'. இருவரும் திறந்தால் எல்லையில் ஒரு வழி உண்டாகும். ஒருவர் திறந்து மற்றவர் பொறுத்தால், திறந்தவர் காய்களை இழப்பார். துண்டுகளை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். எழுதுவதற்கு முன் இன்னொரு கடமை உண்டு. எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதை நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் "ஓம்" என்று ஒப்புக்கொண்டால்தான் உங்கள் துண்டைத் தொடலாம். ஒப்பவில்லை என்றால் "ஏலாது" என்பார், நீங்கள் மறுபடி முயல வேண்டும். பார்க் அக்காவுக்குத் தமிழில் தெரிந்த சொற்கள் பெரும்பாலும் இந்த மேசையில் கற்றவை.

கொரியாவைச் சுற்றி நிற்கும் பெரிய நாடுகளின் வேடத்தை என்னிடம் தந்தார்கள். முதல் நாளே பார்க் அக்கா என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு என்ன பயம்?"

"பெரிய நாட்டுக்குப் பயமில்லை" என்றேன்.

கமலண்ணை கையை நீட்டிச் சமையலறையைக் காட்டினார். "அப்ப உங்களுக்கு விளையாட ஏலாது. எழும்பித் தேத்தண்ணி போடுங்கோ." அன்றைக்கு முழுக்க நான் தேநீர்தான் போட்டேன்.

தெற்கைக் கமலண்ணை வைத்துக்கொண்டார். வடக்கைப் பார்க் அக்காவிடம் கொடுத்தார். அவர் முதலில் மறுத்தார். "உங்கட தம்பி அங்கதான் இருக்கிறார். அங்க இருந்து ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்றார் கமலண்ணை. அதன் பிறகு பார்க் அக்கா ஆடிய வடக்கைப் போல இறுகிய வடக்கை நான் செய்திகளிலும் கண்டதில்லை. சுற்றுக்குச் சுற்று 'பொறு' என்றே எழுதுவார். தெற்கு திறந்து திறந்து காய்களை இழந்துகொண்டிருக்கும்.

ஆஹென் நகரில் படித்து அங்கேயே வேலை செய்யும் அபிராமி, வார இறுதியில் வந்தால் எங்கள் மேசையைப் பார்த்துக் கொட்டாவி விடுவாள். "அப்பா, உங்கட விளையாட்டில ஒருத்தரும் வெல்லுறதில்ல. ஒண்டும் நடக்கிறதுமில்ல. கணினியில எண்டா பிழை விட்டா பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் வேற மாதிரி விளையாடலாம்."

"அதுதான் உங்கட விளையாட்டின்ர பிழை. திரும்பிப் போக இடமிருந்தா ஆரும் யோசிச்சு விளையாடமாட்டினம்."

"திரும்பிப் போக இடமில்லாட்டி ஆரும் விளையாடவே மாட்டினம் அப்பா. பாருங்கோ, அன்ரி ஆறு வருசமா பொறு, பொறு எண்டு எழுதுறா."

பார்க் அக்கா என்னிடம், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் துண்டுகளை அடுக்கிக்கொண்டே ஜேர்மனில் சொன்னார்: "பயந்தவன் கதவுக்குப் பின்னால் நிற்பான். தட்டுவது யார் என்று தெரியும்வரை திறக்கமாட்டான். அவன் கெட்டவன் அல்ல."

இங்கே என் பிழையையும் சொல்லியாக வேண்டும். 2018 வசந்தத்தில் இரு கொரியத் தலைவர்களும் எல்லைக் கோட்டில் சந்தித்துக் கைகொடுத்தார்கள். கமலண்ணை எழுதிக்கொண்டு வந்த பத்தியின் தலைப்பு: 'கதவு திறக்கிறதா?' நான் கேள்விக்குறியை வெட்டினேன். தலைப்பு வலுவாக இருக்க வேண்டும் என்றேன். "நிருபர், அந்தக் குறியை விடுங்கோ. அது இல்லாட்டி அது பொய்" என்றார். நான் விடவில்லை. 'கதவு திறக்கிறது' என்று முதற்பக்கத்தில் போட்டேன்.

பார்க் அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனாலும் கமலண்ணையிடம் தலைப்பின் பொருளைக் கேட்டறிந்து, அந்தப் பக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். பிரிந்த குடும்பங்கள் சந்திக்க ஆகஸ்டில் ஏற்பாடு நடந்தது. அவர் பெயர் கொடுத்திருந்தார். குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த முறை வரும் என்றோம். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. மறு ஆண்டு பேச்சுவார்த்தை முறிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பக்கத்தை நாலாக மடித்து என் முன் வைத்தார். "இது உங்களுடையது" என்றார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு காலம் அதைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டி இருந்திராது.

2023இன் கடைசியில் வடக்கு, இணைப்பு இனித் தன் இலக்கு இல்லை என்று அறிவித்தது. தெற்கில் இருப்பவர்கள் இனி உறவினர் அல்ல, பகை நாட்டவர் என்றது. அதற்கடுத்த பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பிற்பகல். மேசை விரிக்கப்பட்டிருந்தது. பார்க் அக்கா தன் துண்டைத் திருப்பினார். அதில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"வடக்கு எழும்பிப் போய்விட்டது" என்றார். "எண்பது வயதில் நான் இனி யாரோடு விளையாடுவது?"

கமலண்ணை பலகையை எடுத்து வைக்கவில்லை. நீண்ட நாளாகச் சொல்லிவந்ததை மறுபடி சொன்னார். பிரிந்த குடும்பத்தினர் காணொளிக் கடிதம் பதிவுசெய்து வைக்கலாம். தென்கொரிய அரசு அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒருநாள் வழி பிறந்தால் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. முகம் இருக்கும், குரல் இருக்கும்.

பார்க் அக்கா மறுத்தார். "அது இறந்தவர்கள் பேசும் பேச்சு. அந்தப் படக்கருவிக்கு முன்னால் உட்கார்ந்தால், அவனைப் பார்க்கமாட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும்." பிறகு கமலண்ணையை நேராகப் பார்த்தார். "உங்கள் படிவம் எங்கே?"

ரவிக்கான தேடற்படிவத்தைப் பற்றிக் கேட்டார். ஜேர்மனியில் காணாமற்போனோரைத் தேடித்தரும் ஒரு தேடற்சேவைக்குக் கொடுக்க வேண்டிய படிவம். நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். பதினைந்து ஆண்டாக அது மேசை இலாச்சியில் வெறுமையாகக் கிடந்தது.

கமலண்ணை குரலைத் தாழ்த்தித் தமிழில் என்னிடம் சொன்னார்: "அதில 'கடைசியாக் கண்ட நாள்' எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பினா அவன் அந்த நாளோட முடிஞ்சிடுவான். என்னால ஏலாது."

பார்க் அக்காவுக்கு 'ஏலாது' புரிந்தது. "அப்படியானால் எனக்கும் ஏலாது" என்றார். "நீங்கள் முதலில் அனுப்புங்கள். நான் பிறகு போகிறேன்."

"நீங்கள் மூத்தவ. நீங்கள் முதல்."

"நீங்கள் ஆண். உங்களுக்குத் துணிச்சல் அதிகம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் அந்த யோசனையைச் சொன்னேன். கொரிய மேசையின் விதி இருக்கிறதே. இருவரும் எழுதுங்கள், ஒரே நேரத்தில் திருப்புங்கள். யாரும் முதல் இல்லை, யாரும் தோற்கமாட்டார்கள்.

இருவரும் சம்மதித்தார்கள். பயத்தைச் சொல்லும் கடமையையும் விடவில்லை. கமலண்ணை ஜேர்மனில் சொன்னார்: "தம்பியைவிட முதலில் போய்விடுவேனோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள்." அவர் "ஓம்" என்றார். பிறகு பார்க் அக்கா சொன்னார்: "தம்பி வந்து கதவைத் தட்டும்போது, நீ என்னைத் தேடாமல் விட்டாயே என்று கேட்பானோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள்." கமலண்ணை படிவம் கிடந்த இலாச்சியைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார். கைகளால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். திருப்பினார்கள்.

பொறு. பொறு.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கமலண்ணை இரண்டு துண்டுகளையும் பெட்டிக்குள் போட்டு மூடினார். நான் நல்லெண்ணத்தோடு செய்தது அது. ஒரு தடவைகூட அதை நினைக்காமல் பிறகு நான் கமலண்ணை வீட்டுப் படி ஏறியதில்லை.

கடந்த ஆண்டு இறுதியில் கமலண்ணைக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு மாதம்தான். நான் கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர், ஒரு முற்பகலில். மெலிந்து, மூக்குக் கண்ணாடி மட்டும் பெரிதாக இருந்தார். நோயைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

"நிருபர், எங்கட விளையாட்டில ஒரு விதி பிழை" என்றார்.

"எது?"

"ஒரே நேரத்தில திருப்பிற விதி. அது நல்ல நியாயமான விதி. அதுதான் பிழை. ரெண்டு பேருக்கும் நட்டம் வராத மாதிரி விதி செய்தா ரெண்டு பேரும் இருந்த இடத்தில இருப்பினம். ஆரோ ஒராள் நட்டப்பட வேணும்."

களைத்துப்போய்க் கண்ணை மூடினார். கொரியாவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, பத்திக்கு உதவும் என்று அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். யாருடைய நட்டம் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், கேட்கக்கூடாத கேள்வியை அவருடைய மகளிடம் கேட்டவன் நான்.

வெள்ளிக்கிழமை, அவர் இறந்து மூன்றாம் நாள், அவருடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அபிராமி அதை எனக்குத் தொலைபேசியில் வாசித்தாள். தேடற்சேவையிலிருந்து வந்த கடிதம். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, உங்கள் சகோதரருக்காக ஒரு கோப்பு திறக்கப்பட்டுள்ளது, நெருங்கிய இரத்த உறவினரின் மரபணு மாதிரி தேவைப்படக்கூடும் என்று அதில் இருந்தது. பிறகு அவள் கொரிய மேசையின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். படிவத்தின் பிரதி அதற்குள் இருந்தது. கட்டங்கள் எல்லாம் நிரப்பப்பட்டிருந்தன. 'கடைசியாகக் கண்ட நாள்' என்ற கட்டத்தில், மூவர் சொன்ன மூன்று நாட்களையும் எழுதி, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். பிரதியோடு ஒரு மட்டைத் துண்டு செருகப்பட்டிருந்தது. திற.

"அப்பா எனக்கும் சொல்லேல்ல மாமா. சித்தப்பான்ர பேரை வீட்டில எடுக்கவே விடமாட்டார். இனி நான் போய் வாயில பஞ்சு வைச்சுக் குடுக்கவேணும். அதுக்கு ஒரு நாள் குறிச்சு டெர்மின் எடுக்கட்டோ?"

"எடு பிள்ளை" என்றேன்.

சனிக்கிழமை அபிராமியிடம் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு பார்க் அக்காவின் வீட்டுக்குப் போனேன். படிவத்தைப் பற்றிச் சொல்லி, துண்டை அவர் முன் வைத்தேன். அவர் தொடவில்லை. எந்த நாளில் நிரப்பினார் என்று கேட்டார். படிவத்தில் இருந்த நாளைச் சொன்னேன். நோய் தெரிந்த அதே வாரம்.

"என்னைக் கேட்காமல் ஆடியிருக்கிறார்" என்றார். அப்போதுதான் முதல் முறையாக அவருடைய குரலில் கோபத்தைக் கேட்டேன். "நான் எழுதாமல் அவர் எப்படித் திருப்பலாம்? இது விதி இல்லை. திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்."

எடுக்க அவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்க் அக்கா துண்டைத் தன் பக்கம் இழுத்து, முகம் தெரியாமல் குனிந்துகொண்டார். அழுதாரா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது இதுதான்: "மூன்று வயதுக் குழந்தையை மட்டும்தான் எனக்குத் தெரியும். எழுபத்தெட்டு வயதுக் கிழவனிடம் நான் என்ன சொல்வேன்? காய்ச்சல் விட்டதா என்றா?"

அந்தக் காணொளிப் பதிவுகள் இப்போதைக்கு எல்லையைத் தாண்டப் போவதில்லை என்பதும், அவை அடுக்கில் கிடக்கத்தான் போகின்றன என்பதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இணைப்புக்கான வாய்ப்பு என்ன என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், என் வாழ்நாளில் கண்டதிலேயே மிகக் குறைவு என்றுதான் எழுதுவேன். அதற்குக் கேள்விக்குறி போட மாட்டேன்.

கமலண்ணையை அறிந்தவர்களுக்கு: அவருடைய பலகைகள் அபிராமியிடம் இருக்கின்றன. வேண்டியவர்கள் கேட்கலாம். 'திற' என்ற துண்டு பார்க் அக்காவிடம் இருக்கிறது. அவர் திருப்பித் தரவில்லை. என்னிடம் இருப்பது 2018இன் பிழைதிருத்தத் தாள். கதவு திறக்கிறதா என்ற அவருடைய கையெழுத்தும், அதன் பின்னால் அவர் அழுத்திப் போட்ட கேள்விக்குறியும், அதன் மேல் நான் கிழித்த சிவப்புக் கோடும் அதில் இருக்கின்றன. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி நிலுவையில் உள்ளவை. தகனம் வரும் திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, டோர்ட்மண்டில். ரவியின் கோப்பு பற்றிய முதல் பதிலுக்குக் குறைந்தது ஒன்பது மாதமாகும் என்று தேடற்சேவை எழுதியிருக்கிறது. காணொளிக் கடிதப் பதிவு தகனத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டுசல்டோர்ஃபில். பார்க் அக்காவின் பெயரில் அந்த நேரத்தை முன்பே எடுத்து வைத்திருந்தவர் கமலண்ணை. போவீர்களா என்று கேட்டேன். "பார்ப்பம்" என்றார், தமிழில். எட்டரை மணிக்குக் காரோடு அவருடைய வாசலில் நிற்பேன். அவர் கதவைத் திறப்பாரா என்பது இதை அச்சுக்குக் கொடுக்கும்வரை தெரியவில்லை.